இறால் கொட்டகையில் பகல் ஆட்டம்

எங்கள் ஆட்டம் எல்லாம் பகலில்தான் நடந்தது. காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுவோம். விடுதியில் பெண்கள் ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பதால், வேண்டிய இருட்டை நாங்களே செய்துகொண்டோம். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகும் சாலையில் மூடிக்கிடந்த ஓர் இறால் கம்பெனியின் கொட்டகை அது. சன்னல்களைக் கறுப்புத் தார்ப்பாயால் அடைத்துவிட்டால், வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியாது.

இரண்டாயிரத்து ஆறில் நான் சிதம்பரத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலூரில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், மாதா கோயில் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர். என் அறைத்தோழி தமிழ் படிக்க வந்தவள், ஆனால் நோட்டுப் புத்தகம் முழுக்கப் படம்தான் வரைந்துவைத்திருப்பாள். ஒருநாள் பிரவுசிங் சென்டரில் இருவரும் ஒரு வெளிநாட்டு வீடியோவைப் பார்த்தோம். நான்கு நிமிடப் படம் முழுதாக வந்துசேர முக்கால் மணி நேரம் ஆனது. ஏதோ பாழடைந்த ஆலைக்குள் கூட்டமாக ஆடுகிறார்கள், சுவரெல்லாம் ஓவியம், பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. அதற்கு ரேவ் என்று பெயர் போட்டிருந்தது. நாமும் இப்படிச் செய்யலாம் என்றேன். சொன்னது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு வேறு மாதிரி எழுதிக்கொடுத்தேன்.

கொட்டகையின் சாவி, பக்கத்துக் குப்பத்தில் மைக் செட் வைத்திருந்த ஓர் அண்ணனிடம் இருந்தது. முதலாளி ஊரைவிட்டுப் போகும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான் பாட்டுப் போடுவார். நாங்கள் கேட்டதும் சிரித்தார். பாட்டே இல்லாத பாட்டுக்கு எப்படி ஆடுவீங்க என்றார். இரண்டு வாரம் கழித்து அவரே ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். அதில் படகு எஞ்சினின் சத்தம். அவருடைய மாமா கடலுக்குக் கிளம்பும்போது டேப்ரிக்கார்டரைப் பக்கத்தில் வைத்துப் பிடித்திருக்கிறார். அதைக் கணினியில் ஏற்றி, வெட்டி, இயந்திரத் தாளத்துக்கு அடியில் ஓடவிட்டபோது எங்கள் இருவருக்கும் உடம்பு சிலிர்த்தது.

"பேஸு காதுல கேக்கக் கூடாதும்மா. வயித்துல கேக்கணும்" என்பார். அந்த அடித்தொண்டை அதிர்வுக்காகவே பிளைவுட்டில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் செய்தார்.

தோழி ஒரு விதி வைத்தாள். ஆடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் சுவரில் ஏதாவது வரைய வேண்டும். வரையத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வண்டிகளுக்கு ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரை நறுக்கிவைத்திருப்பாள், இருட்டில் ஒளிரும் பெயின்டும் எங்கிருந்தோ வாங்கிவருவாள். பஸ் நம்பரையும் நிறுத்தத்தின் பெயரையும் மட்டும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவோம். முதல் தடவை பதினான்கு பேர் வந்தார்கள், நான்காவது தடவை அறுபதைத் தாண்டியது. குடிப்பதற்குப் பன்னீர் சோடாவும் எலுமிச்சை ஜூஸும்தான். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அங்கே கண்ணை மூடிக்கொண்டு ஆடினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் ஊர்களில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஓர் இடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது ஆட்டத்தன்று விடியற்காலையிலிருந்தே மழை. வழக்கமாக வெளியே நிற்கும் ஜெனரேட்டரை நனையாமலிருக்கக் கொட்டகையை ஒட்டிய ஐஸ் ரூமுக்குள் வைக்கவேண்டி வந்தது. அந்த ரூமின் பின்பக்க ஷட்டரைத் தூக்கியே வைக்கணும், இல்லாவிட்டால் புகை உள்ளே திரும்பும் என்று அண்ணன் சொன்னார். நடுவில் கதவில்லாததால், ஷட்டரைத் தூக்கினால் வெளிச்சம் நேராகக் கொட்டகையின் எதிர்ச்சுவரில் விழுந்தது. அந்தச் சுவரில்தான் தோழி ஒரு வாரமாக உட்கார்ந்து அலையாத்தி மரங்களின் வேர்களைத் தரையிலிருந்து கூரைவரை வரைந்திருந்தாள். வெளிச்சத்தில் அது வெறும் வெள்ளைக் கிறுக்கலாகத் தெரிந்தது.

"ரெண்டு மணி நேரந்தாண்ணே. மூடிடுங்க" என்றேன்.

அவர் தயங்கினார். நான் மறுபடியும் சொன்னேன். மூடினார்.

ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். முதலாண்டு படிக்கும் ஒரு பெண் சுவரோரம் சரிந்தாள். ஆடிய களைப்பு என்று நினைத்தேன். அடுத்து இருவர் வாந்தி எடுத்தார்கள், எனக்கே தலை சுற்றியது. அண்ணன் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினார். விழுந்த பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு போய்த் தன் டாட்டா ஏஸில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். மற்றவர்கள் மழையில் சிதறிப் போனார்கள். அந்தப் பெண் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவளுடைய அப்பா செல்வாக்குள்ளவர். மறுநாள் பேப்பரில் 'போதை நடனம்' என்று கொட்டை எழுத்தில் வந்தது.

காவல் நிலையத்துக்கு என்னை அப்பாதான் கூட்டிப்போனார். தோழி எனக்கு முன்பே வந்திருந்தாள். அண்ணனைச் சட்டையில்லாமல் சுவரோரம் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் என்னிடம் மரியாதையாகவே பேசினார். மைக் செட்காரன் விழா என்று சொல்லிக் கூப்பிட்டான், ஜெனரேட்டரை உள்ளே வைத்து எல்லாவற்றையும் மூடியதும் அவன்தான், உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அப்படித்தானே என்று கேட்டார். கேட்டுக்கொண்டே வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். "எழுதிக் குடும்மா. வீட்டுக்குப் போவலாம்" என்றார்.

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அண்ணன் தலையைத் தூக்கி நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து அழகா இருக்கே என்று இன்ஸ்பெக்டர் பாராட்டினார்.

தோழியிடமும் தாளைத் தள்ளினார்கள். அவள் பேனாவைத் தொடவில்லை. "சாவி கேட்டது நாங்க. ஷட்டர மூடச் சொன்னதும் நாங்க. அதத்தான் எழுதுவேன்" என்றாள். மூடச் சொன்னது நான் மட்டும்தான். அவள் 'நாங்க' என்று சொன்னாள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுடைய தாளை யாரும் வாங்கவில்லை. அந்த வாரமே விடுதியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். விருத்தாசலம் பக்கத்திலிருந்து அவளுடைய அப்பா வந்து பெட்டியைத் தூக்கிப்போனபோது நான் கடலூரில் வீட்டுக்குள் இருந்தேன். பிறகு அவளுடைய நம்பர் வேலை செய்யவில்லை. வேறு நம்பரைத் தேடும் அளவுக்கு நானும் முயலவில்லை. அண்ணனைப் பதினைந்து நாள் சிறையில் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆள் உயரப் பெட்டிகள் காவல் நிலைய வாசலில் மழையில் ஊறிக்கிடந்ததை நானே பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மூன்றாவது மழைக்குப் பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. நான் படிப்பை முடித்தேன். முதல் வகுப்பு.

செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கம்பெனி ஆயுத பூசைக்கு மைக் செட் வந்து இறங்கியது. ஸ்பீக்கரைத் தோளில் சுமந்து வந்தவர்களில் அந்த அண்ணனும் ஒருவர். செட் வேறு யாருடையதோ, அவர் கூலிக்கு வந்திருந்தார். முன்மண்டை வழுக்கையாகியிருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு தலையாட்டினார்.

ஆறு வருடமாக மனதில் எழுதி எழுதி வைத்திருந்ததைச் சொல்லப் போனேன். பாதியிலேயே நிறுத்தினார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"மூணு வருஷம், மாசாமாசம் வாய்தாம்மா. வாய்தா அன்னிக்கெல்லாம் வேலை போயிரும். கடைசில நீங்க யாரும் சாட்சி சொல்ல வரல. அதனால விட்டுட்டாங்க. அதுக்கு வேணா நன்றி சொல்லிக்கிறேன்."

வழக்கு நடந்ததே எனக்குத் தெரியாது. முதல் ஒரு வருடம் நானும் சிதம்பரத்திலேயே இருந்தேன், ஒருமுறைகூட யாரையும் விசாரிக்கவில்லை. வயரை இழுத்துப் பிடிக்கச் சொல்லி யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். எனக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சம்மன் வந்ததா என்று அப்பாவிடம் கேட்டேன். வந்தது, ரெண்டு தடவை, நீ ஊர்ல இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன் என்றார். உன் நல்லதுக்குத்தான் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சம்மன் என் கைக்கு வந்திருந்தால் நான் கோர்ட்டுக்குப் போயிருக்க மாட்டேன். அப்படியே போயிருந்தாலும் அந்த ஒன்றரைப் பக்கத்தைத்தான் திரும்பச் சொல்லியிருப்பேன். அது அப்பாவுக்கும் தெரியும். சாப்பிட வாம்மா என்றார். போய் உட்கார்ந்தேன்.