அடி முட்டாத குழாய்

ஆலையில் அவருக்கு ‘ஒண்ணேகால்’ என்று பட்டம். புதிதாக வேலைக்கு வருகிறவன் அந்தப் பட்டத்தைக் கேட்டதும் முதலில் அவருடைய கால்களைத்தான் பார்ப்பான். இரண்டும் ஒழுங்காக இருப்பதைக் கண்டு குழம்பி நிற்பான். மற்றவர்களுக்கு அதில் ஒரு சிரிப்பு.

விஷயம் வேறொன்றுமில்லை. அழுத்தத்தோடு வாயு ஓடும் எவர்சில்வர் டியூப் பொருத்துவதில் அந்த ஆலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டியூபை ஃபிட்டிங்கில் செருகி, நட்டைக் கையால் போகும் மட்டும் திருகி, அதன் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு, பிறகு ஸ்பானரை வைத்து ஒன்றேகால் சுற்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எவனாவது நன்றாக இறுக்கிவிட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டு வந்தால் போதும், “இது என்ன பாட்டில் மூடியா, பலத்தைக் காட்டுறதுக்கு? ஒண்ணேகால், அவ்வளவுதான்” என்று வாயை அடைத்துவிடுவார். பட்டம் அப்படி வந்தது.

நட்டுக்குள் இரண்டு சின்ன வளையங்கள் இருக்கும். நட்டு இறுக இறுக அவை டியூபைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆனால் டியூப் ஃபிட்டிங்கின் அடியில் போய் முட்டியிருந்தால்தான் அந்தப் பிடிக்கு மதிப்பு. பாதி வழியில் நின்றுவிட்டால் வளையம் டியூபின் விளிம்பைத்தான் கவ்வும், என்றாவது நழுவிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நட்டுக்கும் ஃபிட்டிங்குக்கும் நடுவில் விட்டு இடைவெளி பார்க்கிற தகடு, நட்டு இறுகியிருக்கிறதா என்று சொல்லுமே தவிர, டியூப் அடிக்குப் போனதா என்று சொல்லாது. அதனால்தான் செருகுவதற்கு முன் ஆழத்தை அளந்து டியூபின் மேலும் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும், கோடு நட்டுக்குள் மறைந்த பிறகே இறுக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதி வைத்திருந்தார்கள்.

நட்டின் மேல் கோடு போடத் தவறாத மனிதர், டியூபின் மேல் மட்டும் ஒருநாளும் போட்டதில்லை. அடியில் முட்டும்போது விரலுக்கே தெரியும், கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார். அளந்து கோடு போடுகிறவர்களைப் பார்த்தால் “என்ன ஓவியரே, படம் வரைஞ்சாச்சா?” என்று கிண்டல் வேறு. அந்தக் கிண்டலுக்கு உரிமை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். விரல் நன்றாக இருந்தவரை ஒரு இணைப்பு கூட அவரிடம் ஒழுகியதில்லை.

சர்க்கரை வியாதி வீடு தேடி வந்து கதவைத் தட்டுவதில்லை. ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. வாசலில் மனைவி பார்த்துக் கேட்கும்வரை அவருக்கு அது தெரியவில்லை. இருவரும் சிரித்தார்கள். அப்புறம் சட்டைப் பித்தான் போட நேரமாயிற்று. சில்லறையை எண்ணும்போது கண்ணால் பார்த்தால்தான் நிச்சயப்பட்டது. டாக்டர் கையை நீட்டச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரலாக ஊசிமுனையால் தொட்டார். எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தார். நரம்பு போய்விட்டது, இனிமேல் திரும்பாது, சூட்டிலும் கூர்மையிலும் கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டோரில் உட்காரவைத்து நட்டு எண்ணச் சொல்வார்கள். சரி, சொல்ல வேண்டாம், பேனாவை எடுத்து டியூபின் மேல் ஒரு கோடு போட்டிருக்கலாம் அல்லவா? இந்தக் கதையில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான். இத்தனை வருஷம் ஓவியரே ஓவியரே என்று ஊரைக் கேலி செய்தவர், இப்போது தானே அளந்து கோடு போட்டால் நாலு பேர் என்ன கேட்பார்கள்? அந்த நாலு பேருக்குப் பயந்து, மரத்த விரலோடு, முட்டியிருக்கும் என்ற நம்பிக்கையில் இறுக்கிக்கொண்டே இருந்தார். கணக்குத் தவறாமல் ஒன்றேகால் சுற்று.

அவருக்குக் குழந்தை இல்லை. மனைவியின் தம்பிதான் அந்த வீட்டில் பிள்ளை மாதிரி. தாய் போன பிறகு அக்கா தூக்கி வளர்த்தவன். படித்துவிட்டு நிலையான வேலை இல்லாமல் அலைந்துகொண்டிருந்தவனை, மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் தம் ஆலையிலேயே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். வாயு அழுத்தம் பார்க்கும் பேனல் அறையில் அவனுக்கு வேலை. வளர்ந்த ஆள், பொறுப்பானவன். மாமா பொருத்திய குழாய்களுக்குப் பக்கத்தில் நிற்பதில் அவனுக்குப் பெருமையும் உண்டு.

ஒரு நடுப்பகலில் அந்த அறையில் ஒரு டியூப் ஃபிட்டிங்கை விட்டுக் கழன்று, துள்ளி, அவன் முகத்தில் அடித்தது. இடது கண் போயிற்று.

அழுத்தம் இருக்கும்போது நட்டை முடுக்கக்கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். அவன் பக்கத்தில் தரையில் ஒரு ஸ்பானர் கிடந்தது. லேசாக ஒழுகுவதைப் பார்த்து அவசரப்பட்டு முடுக்கியிருக்கிறான் என்று சூப்பர்வைசர் முடிவுகட்டினார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தண்ணீர் ஏற்றிச் சோதித்துத் தேறிய இணைப்பு, ஒண்ணேகால் கைப்பட்ட வேலை. வேறு என்னதான் நினைப்பார்? அவன் தன் தவறால் அடிபட்டவன் என்று ஆகிவிட்டால் வேலையும் போகும், வைத்தியத்துக்கும் ஆலை கைகொடுக்காது.

ஆஸ்பத்திரியில் பாதி முகம் கட்டோடு கிடந்தவன் இவர் கையைப் பிடித்துக்கொண்டான். “மாமா, நான் ஸ்பானரை நட்டுல வைக்கவே இல்ல. அது என் பாக்கெட்டுல இருந்து விழுந்தது. நீங்களாவது நம்புங்க.”

அவன் பிடித்த பிடி அவருக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

கழன்ற இணைப்பைப் புதிதாகப் போட அவரைத்தான் அனுப்பினார்கள், வேறு யாரை அனுப்புவார்கள்? அறையில் அவர் மட்டும். டியூபைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். வளையங்களின் தடம் டியூபின் கடைசி விளிம்பிலேயே இருந்தது. டியூபில் சற்று மேலே ஒரு வளைவு, நேராகச் செருக வராத நெருக்கமான இடம். வளையத்திலேயே தட்டி நின்றதை அடியில் முட்டியதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

டியூப் வெட்டும் கருவி பாக்கெட்டில் இருந்தது. விரல் நீளம் வெட்டி எறிந்தால் தீர்ந்தது, தடமும் இல்லை, கேள்வியும் இல்லை. கருவியை எடுத்து டியூபில் மாட்டிக்கூடப் பார்த்தார். அவன் சொன்ன “நீங்களாவது” என்ற சொல் காதை விட்டுப் போகவில்லை. கருவியைக் கழற்றினார். டியூபை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரின் மேஜைக்குப் போய், அதை அவர் முன்னால் வைத்து, விரல் கதையையும் சொல்லிவிட்டார்.

சூப்பர்வைசர் டியூபை எடுத்துத் தடத்தைப் பார்த்தார். திட்டவில்லை.

“எப்ப இருந்து விரல் இப்படி?” என்று மட்டும் கேட்டார்.

உணர்ச்சி ஒரே நாளில் போகவில்லை. எந்த இணைப்பு வரை விரல் சொன்னது, எதிலிருந்து தானே ஊகித்துக்கொண்டது என்று எப்படிப் பிரிப்பது? தெரியாது என்றார். அப்படியானால் எல்லாவற்றையும்தான் பிரிக்க வேண்டும் என்றார் சூப்பர்வைசர்.

ஆலையை நிறுத்தி, குழாய்களிலிருந்து அழுத்தத்தை இறக்கி, அவர் பொருத்தியதை எல்லாம் மற்றவர்கள் கழற்றிப் பார்த்தார்கள். இது என்னுடையது, இதுவும் என்னுடையது என்று காட்டுவதுதான் அவர் வேலை. ஸ்பானரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நிறைய இணைப்புகள் சரியாகவே இருந்தன. அவர் மனசு ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் ஆறியது. ஆனால் இடையிடையே ஒன்று, நட்டைத் தளர்த்தியதுமே டியூப் கையோடு வந்தது. அந்த டியூபை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். ஓரத்தில் அவை சேர்ந்துகொண்டே வந்தன. அந்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் தினம் யாரோ நின்றிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் உபகரணப் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார். மறுபடி வரும்படி யாரும் சொல்லவில்லை.

மச்சானின் மேல் தவறில்லை என்று ஆனது. வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அவன் உள்ளறையில் படுத்திருக்க, அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். விரலை, டியூபை, கழன்று வந்தவற்றை. அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையையே பார்த்தாள்.

“விரல் மரத்துப்போச்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

சூப்பர்வைசர் கேட்டதற்குப் பதில் இல்லை. இவள் கேட்டதற்கு இருந்தது. டாக்டர் ஊசியால் தொட்ட நாளை எப்படி மறக்க முடியும்? பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இவ்வளவையும் சொன்ன பிறகு அது மட்டும் எதற்கு என்று விட்டுவிட்டார்.

“அவனை வேலைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே தெரியும்,” என்றார்.

அவள் எழுந்து தம்பிக்குக் கண்ணில் விடும் மருந்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். மாமா என்னக்கா சொல்றாரு என்று அவன் கேட்பது இவர் காதில் விழுந்தது. ஒன்றுமில்லை, நீ அசையாமல் படு என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.