சாக்கு அடைத்த ஜன்னல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்பவே இப்படின்னா, அம்பதுகள்ல முப்பது வயசுக்காரியா இருந்தப்போ எப்படி இருந்திருப்பேன்னு நீங்களே நெனச்சுக்குங்க. எம் புருசன் ஏலக்காய் ஸ்டோர்ல காய் உலர்த்துற வேலை பாத்தவரு. அவரு கூடவே சீசனுக்குச் சீசன் மலையில கிடந்ததால அந்தச் சோலி எனக்கு அத்துப்படின்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்புதான் ஒருநாள் ஒரு தாயையும் ரெண்டு பிள்ளைகளையும் கொல்லப் பாத்துச்சு.

அந்த வருசங்கள்ல சிலோன் தேயிலைத் தோட்டத்துல பேர்பதிவு இல்லைன்னு விரட்டப்பட்ட குடும்பங்க தனுஷ்கோடியில வந்து இறங்குனாங்க. மலையில கூலி வேலை கிடைக்கும்னு கேள்விப்பட்டு மலையடிவாரத்துல இருக்குற எங்க போடிக்கும் வந்தாங்க. பஸ்சு ஸ்டாண்டு ஓரத்துல தகரப்பெட்டியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தவங்களைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியலை. ராவுத்தர் வீட்டு அக்கா, மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மா, நான், மூணு பேரும் சேந்துக்கிட்டோம். உலை வைக்கிறப்போ ஒரு கைப்பிடி அரிசியைச் சாமிக்குன்னு தனியா எடுத்து வைக்கிறது எங்க ஊர்ல எல்லா மதக்காரங்க வீட்லயும் உண்டு. கோயிலுக்கும் மாதாவுக்கும் பள்ளிவாசலுக்கும் போற அந்தப் பிடி அரிசியை இந்த வருசம் இவங்களுக்குக் குடுங்கன்னு வீடு வீடா ஏறிக் கேட்டோம். முகம் சுளிச்சவங்க வாசல்ல நின்னு பேசிப் பேசியே ரெண்டு பிடியா வாங்கிட்டுத்தான் இறங்குவேன்.

அதுல ஒரு குடும்பத்துக்கு நான்தான் பொறுப்பு. புருசன், பொஞ்சாதி, ஆறு வயசுப் பொம்பளைப் பிள்ளை, தனுஷ்கோடியில இறங்குனதும் வச்சிருந்த முகாம்ல பிறந்த மூணு மாசக் கைக்குழந்தை. போடியில அவங்க முதல்ல ஒண்டியிருந்த கொட்டகையை நாலே நாள்ல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ராவுத்தர் வீட்டு அக்காவோட கொழுந்தனுக்குப் மலை மேல போடிமெட்டுக்கிட்ட ஒரு ஏலக்காய் ஸ்டோர் இருந்துச்சு. காய் சீசன் இல்லாம சும்மா கிடந்ததால அதுல இருக்கச் சொன்னாரு. பக்கத்து எஸ்டேட்லயே அந்தப் புருசனுக்கு வேலையும் கிடைச்சது.

போன முதல் நாளே நான் அந்தப் பொம்பளையை வைஞ்சுட்டேன். காய் பரப்புற தட்டியை எடுத்துப் போட்டு அதுல கைக்குழந்தையைப் படுக்க வச்சிருந்தா. இடம் குடுத்தா மடத்தைப் பிடுங்குவியா, இன்னொரு தடவை எதையாவது தொட்டேன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்னு சொல்லிட்டேன். கோவத்துல வந்த வார்த்தை, எனக்கு மறுநாளே மறந்து போச்சு. அவளுக்கு மறக்கலை. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுக்கும் அனுமதி கேப்பா. இந்த விறகை எடுக்கலாமாம்மா, இந்தக் குடத்துல மோக்கலாமாம்மான்னு. எவ்வளவு பணிவான பிள்ளைன்னு நான் பெருமையா ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஆனி மாசச் சாரல் பிடிச்சுக்கிச்சு. ஒருநாள் காலையில நானும் ராவுத்தர் வீட்டு அக்காவும் அரிசியோட ஜீப்புல மேல போனோம். புருசன்காரன் வேலைக்குப் போயிட்டான். கைக்குழந்தை உதடு நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு. அம்புட்டுக் குளிரு. காய் உலர்த்துற அறைக்கு இவங்களை மாத்துனா சூடா இருக்கும்னு எனக்குத் தோணுச்சு. காய் போட்டதும் ஜன்னல் இடுக்கெல்லாம் சாக்கை வச்சு இறுக்கி அடைச்சுருவோம், சூடு வெளிய போனா காயோட பச்சை போயிரும். அதே மாதிரி என் கையாலேயே எல்லா ஜன்னலையும் அடைச்சேன். இரும்புச் சட்டி நிறைய அடுப்புக்கரியைப் போட்டு, கனல விட்டு, நடுவுல வச்சேன். கதவைத் தாப்பாப் போட்டுக்கோ, சாக்கைத் தொட்டுராதே, குளிர் ஏறுனா பிள்ளைக்கு ஜன்னி கண்டுரும்னு மிரட்டிட்டு வந்தேன்.

காய் உலர்த்துறப்போ நெருப்பு அறைக்கு வெளிய அடுப்புல எரியும். சூடு மட்டும் இரும்புக் குழாய் வழியா உள்ள ஓடும், கரியோட நச்சுக்காத்து உள்ள வராது. இத்தனை சீசன் பாத்த எனக்கு அந்த நேரம் அது தோணவே இல்லை.

அங்க இருந்து தள்ளி எஸ்டேட்டுக் கூலிக்காரங்க குடியிருக்குற ஒரு லயத்துக்கு அரிசி குடுத்துட்டு, அடுத்த ஜீப்புல வந்த நர்சம்மாவையும் கூட்டிக்கிட்டு மத்தியானம் திரும்பி வந்தோம். கதவைத் தட்டுனேன். சத்தம் இல்லை. தூங்குறா போலன்னு ராவுத்தர் வீட்டு அக்கா சொன்னாங்க. மறுபடி தட்டுனேன். பிள்ளை அழுற சத்தம்கூட இல்லை. உள்ள நெருப்பு வச்சீங்களான்னு நர்சம்மா கேட்டாங்க. கரிதான், புகையே இல்லைன்னேன். அவங்க முகம் போன போக்கைப் பாத்ததும் கதவை ரெண்டு கையாலயும் இடிச்சேன்.

ஜீப்பு டிரைவர் கடப்பாரையால நெம்பித்தான் கதவைத் திறந்தாரு. மூணு பேரும் ஒரே பாய்ல கிடந்தாங்க. இழுத்து வெளிய சாரல்ல போட்டோம். பெரிய பிள்ளை முனகுனா. தாய்க்காரி வாந்தி எடுத்தா. கைக்குழந்தை துணி மாதிரித் தொங்குச்சு. நர்சம்மா அதைத் தூக்கி வாயோட வாய் வச்சு ஊதுனாங்க, உள்ளங்காலைச் சுண்டுனாங்க, திரும்பவும் ஊதுனாங்க. ராவுத்தர் வீட்டு அக்கா யா அல்லா யா அல்லான்னு தரையில உக்காந்துட்டாங்க. எனக்கு எந்தச் சாமி பேரும் வாயில வரலை. செத்துருச்சுன்னா நான் கொன்னவ. அது ஒண்ணுதான் மனசுல ஓடுச்சு.

எம்புட்டு நேரமோ தெரியாது. கடைசியில குழந்தை விக்கி, சன்னமா அழுதுச்சு.

நர்சம்மா மூச்சு வாங்கிக்கிட்டே நிமிந்து பாத்து, யாரு ஜன்னலை அடைச்சதுன்னு கேட்டாங்க. அவங்க கோவத்தை அதுக்கு முன்ன நான் பாத்ததில்லை. பேச்சுக்காரி நான், பெரிய பிள்ளை முகத்தைத் துடைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அதுக்குள்ள அந்தப் பொம்பளை தலையைத் தூக்க முடியாம தூக்கி, "நாந்தான்மா, குளிருதேன்னு அடைச்சேன்"னு சொன்னா.

என்னைப் பாத்துக்கிட்டேதான் சொன்னா. என்னைக் காப்பாத்துறதா நெனச்சு ஒரு நிமிசம் எனக்கு மனசு உருகிருச்சு. தலை வலிச்சப்போ ஒரு சாக்கை உருவ வேண்டியதுதானேன்னு ராவுத்தர் வீட்டு அக்கா அழுதுக்கிட்டே கேட்டாங்க. பெரிய பிள்ளைதான் பதில் சொன்னா. அவ உருவப் போனாளாம், அம்மாதான் கையைத் தட்டி விட்டாளாம்.

"தொட்டா அந்தம்மா நம்மளைப் போகச் சொல்லிரும்னு அம்மா சொல்லுச்சு."

நாந்தான் அடைச்சேன்னு அப்புறம் சொல்லிட்டேன். சத்தமா, எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னேன். அந்தப் பொம்பளை முகம் தெளியும்னு பாத்தேன், இன்னும் வெளிறிப் போச்சு. தன்னால எனக்கு நாலு பேரு முன்னாடி அவமானம் வந்துருச்சுன்னு பயந்துட்டா. குழந்தையை மார்ல அணைச்சுக்கிட்டு, என் சேலை நுனியைப் பிடிச்சா.

"நாங்க இங்கேயே இருக்கலாமாம்மா?"