எண்ணெய்க் கண்ணாடியில் ஒரு பொட்டு

காலை ஆறரை மணிக்குச் சுன்னாகத்திலிருந்து முச்சக்கரவண்டியில் புறப்பட்டோம். வல்வெட்டித்துறைக்குப் போய்வர ஐயாயிரம் ரூபாய் என்றார் சாரதி. அன்றைய முதல் அதிர்ச்சி அதுதான். பின்னால் வந்தவற்றோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. நானும் என் மனைவியின் தம்பி சுதனும் பின்னால் இருந்தோம். காலடியில் பத்து மில்லிமீற்றர் தடிப்பான இரும்புத் தகடு ஒன்று கிடந்தது.

"உதென்ன அண்ணை, இரும்பையும் தூக்கிக்கொண்டு எங்கை போறியள்?" என்றார் சாரதி.

"பொம்பிளை பாக்கப் போறம். பல்லு உறுதியோ எண்டு பாக்க வேணுமெல்லே" என்றேன்.

பெண்ணின் பெயர் அயன்வேர்க்கர். இரும்பை வெட்டுவது, துளை போடுவது, மூலையைக் கொத்தி எடுப்பது எல்லாவற்றையும் ஒரே இயந்திரம் செய்யும். எங்கள் பட்டறையில் அவ்வளவையும் கையால் செய்து செய்து சுதனின் வலது தோள் போய்விட்டது. இன்னும் ஒரு வருடம் டிரில்லைப் பிடித்தால் கையைத் தூக்கவே முடியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். புதிய இயந்திரம் கொழும்பில் நாற்பது இலட்சத்துக்கு மேல். வல்வெட்டித்துறையில் இருந்த பழையது பதினாறு. இது எப்படியாவது பொருந்திவிட வேண்டும் என்று வழியெல்லாம் தோளைத் தடவிக்கொண்டே வந்தான் அவன்.

புத்தூர், அச்சுவேலி கடந்து தொண்டைமானாற்றுப் பாலத்தில் ஏறியபோது ஏழேகால். சாரதி சந்நிதி முருகன் கோயில் பக்கம் பார்த்து ஒரு கையை நெஞ்சில் வைத்தார். மற்றக் கையாவது வண்டியில் இருந்ததே என்று நான் ஆறுதலடைந்தேன்.

ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏறத்தாழ இருபத்திரண்டு கிலோமீற்றர். கடற்கரையை ஒட்டிய தகரக் கொட்டிலில் நடேசன் காத்திருந்தார். வள்ளங்களுக்கு இரும்பு வேலை செய்பவர். மகளோடு இருக்க வெளிநாடு போவதால் இயந்திரத்தை விற்கிறார். அதன் முன்னே போய் நின்றேன். என் உயரம், ஒன்றரைத் தொன் எடை, மேலெல்லாம் புதுப் பச்சை வர்ணம். முன்பக்கத்தின் நடுவில் மட்டும் வர்ணம் படாமல், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

நடேசன் கால்மிதியை அமர்த்தினார். மெல்லிய இரும்புப் பட்டை கடதாசிபோல் அறுந்தது.

"எங்கடை தகட்டைப் போடுவம்" என்றேன்.

முதல் துளை விழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. சுதன் என் காதுக்குள், "அத்தான், வேறை பாக்கத் தேவையில்லை, இதையே எடுப்பம்" என்றான். ஆறாவது துளையில் இயந்திரம் பாதி வழியில் நின்று ஓலமிட்டது. கொட்டிலின் தகரமே அதிர்ந்தது.

"சூடானா உப்பிடித்தான், அண்ணை. ஆறவிட்டாச் சரி."

"எண்ணெய் பாக்கிற கண்ணாடி எங்கை?"

"இதிலை அப்பிடி ஒண்டும் இல்லையே."

எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் இயந்திரத்தில் கண்ணாடி இல்லாமலா? சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எண்ணெய்த் தொட்டி சந்தனத்துக்கு நேர் பின்னால் இருந்தது. துணியை எடுத்துத் துடைத்தேன். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அப்பிய சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தேத்தண்ணியோடு வந்த நடேசனின் மனைவி அலறிவிட்டார். "ஐயோ, என்ன வேலை செய்யிறியள்? பொட்டை அழிக்கிறியளே!"

அடியில் வட்டக் கண்ணாடி. முக்கால்வாசிக்கு நிற்க வேண்டிய எண்ணெய் அடியில் ஒரு விரல் அளவுதான் கிடந்தது. அதுவும் பால்தேத்தண்ணி நிறத்தில். தண்ணீர் கலந்து, பம்ப் உள்ளே தேய்ந்து முடிந்துவிட்டது. இன்னும் என்னென்ன போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நடேசன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "வட்டமா, நடுவிலை இருந்துது. நெத்தி எண்டு நினைச்சு ஏழு வருசமா என்ரை கையாலைதான் வைச்சனான்."

ஏமாற்ற வந்தவருக்கு முகம் அப்படி வெளுக்காது. கோபப்படக்கூட வழியில்லாமல் நின்றேன்.

"அரைவாசி விலைக்கு எடுக்கிறியளோ?" என்றார், நிமிராமலே.

சுதன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்பது மணிக்குத் திரும்பினோம். சுதன் அச்சுவேலிவரை தோளைத் தடவிக்கொண்டே வந்தான். வேகம் காட்டும் முள்ளின் மேல் சாரதி முருகன் படம் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"எவ்வளவு வேகத்திலை ஓடுறியள்?"

"ஆருக்குத் தெரியும்? அவர் பாத்துக்கொள்ளுவார்."

நான் சிரித்தேன். சுதன் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, "அத்தான், எங்கடை கொம்பிரசர்…" என்றான்.

பத்து மணிக்குப் பட்டறை. வர்ணம் தெளிக்கக் காற்றடைக்கும் எங்கள் கொம்பிரசரின் அழுத்தமானியிலும் ஐந்து வருடச் சந்தனம் இருந்தது. சுதன் நகத்தால் சுரண்டிவிட்டு மின் ஆளியைப் போட்டான். முள் ஏறியது. அதற்கு மேல் போனால் உருளை வெடிக்கும் என்ற சிவப்புக் கோட்டைத் தொட்டது. தானாக நிற்க வேண்டிய மோட்டார் நிற்கவில்லை. வேலை முடிந்ததும் கையால் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் நாங்கள். அது தானாக நிற்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. முள் கோட்டைத் தாண்டியதும் பாய்ந்து ஆளியை அணைத்தேன்.

தினமும் பத்து மணித் தேத்தண்ணிக்கு, ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் காற்று உருளையில்தான் சுதன் வலது தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். சூடு நோவுக்கு இதமாக இருக்குமாம். அந்தப் பொட்டை வைத்தவன் நான்.