கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

எல்லையோரத்து ஊரான ஜூஜுவாடியில் வண்டி உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள் ஜெயசெல்வி. பெட்டிக்கு ஒன்றாக லேபிள் அச்சடித்துக் கொடுப்பது அவள் வேலை. லேபிள் இல்லாத பெட்டியைச் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி கேட்டிலேயே திருப்பிவிடும். உள்ளே இருப்பது தங்கமாகவே இருக்கட்டும், மேலே ஒட்டிய காகிதத்துக்குத்தான் அங்கே மரியாதை.

ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த காலையில் அந்த லேபிள் பிரிண்டர் வேலை செய்யவில்லை. அதில் பச்சை விளக்கு எரிகிறது. கம்ப்யூட்டரோ அப்படி ஒரு பிரிண்டரைப் பார்த்ததே இல்லை என்கிறது. வெளியே லாரி நிற்கிறது. பத்தரைக்குக் கிளம்பியாக வேண்டும். மணி ஒன்பதே முக்கால்.

அவள் சேர்ந்து பதினோரு மாதம்தான் ஆகிறது, அதுவும் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் ஆளை வீட்டுக்கு அனுப்ப ஒரு போன் போதும். கணவன் யேசுராஜ் வேலை பார்த்த இடத்தில் ஆள் குறைத்ததால் அவன் இரண்டு மாதமாகச் சும்மா இருக்கிறான். இவள் வேலையும் போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். பாதி கம்ப்யூட்டர்கள் இந்த ஒரு வைத்தியத்தில்தான் காலம் தள்ளுகின்றன. இது அசையவில்லை. கம்ப்யூட்டரோடு இணைத்த கருவிகளைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தாள். பிரிண்டர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்னோன் டிவைஸ்', அதாவது அடையாளம் தெரியாத கருவி என்று மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு வரி. பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைத்திருந்ததை மறுபடி ஏற்றினாள். ஏறி முடிவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. முடிந்ததும் அதே முக்கோணம். பெங்களூரில் இருக்கும் ஐ.டி. ஆள் போனை எடுக்கவில்லை.

"ஏம்மா செல்வி, இன்னும் ஆவலியா?" சூப்பர்வைசர் வெங்கடப்பன் கதவருகே வந்து நின்றார். லாரி டிரைவர் அவரிடம் கன்னடத்தில் அலுத்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிசம் சார்," என்றாள். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்யப்போகிறாள் என்பது அவளுக்கே தெரியாது.

பிறகுதான் புத்தி வேலை செய்தது. கெட்டது பிரிண்டரா, அதைச் செருகிய ஓட்டையா? பின்பக்கம் இருந்த மவுஸைப் பிடுங்கி, பிரிண்டர் இருந்த முன்பக்க யு.எஸ்.பி. ஓட்டையில் செருகினாள். மவுஸும் நின்றுபோனது. குனிந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். உள்ளே மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது சந்தனம்.

வைத்தவள் அவளேதான். பூஜையன்று லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் ஆளாளுக்குப் பொட்டு வைத்தபோது, "உன் மெஷினுக்கு நீதான் வெக்கணும்" என்று கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவள் மனசில்லாமல் வைத்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. அதனால் ஒயரெல்லாம் பிடுங்கித் துடைத்துவிட்டு, தண்ணீராய்க் கரைத்திருந்த சந்தனத்தை மூன்று விரலால் பட்டையாக இழுத்துக் குங்குமமும் வைத்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் பூஜையைக் குறை சொல்கிறாள் என்பார்களா, வேண்டுமென்றே செய்தாள் என்பார்களா?

பிரிண்டரை மவுஸ் இருந்த பின்பக்க ஓட்டைக்கு மாற்றினாள். முக்கோணம் மறைந்து பிரிண்டரின் பெயர் வந்தது. மவுஸைச் செருக வேறு நல்ல ஓட்டை இல்லாததால், வெறும் கீபோர்டை வைத்தே லேபிள்களை அடித்து முடித்தாள். பத்து நாற்பதுக்கு லாரி கிளம்பியது.

வெங்கடப்பன் உள்ளே வந்து, தொங்கிக்கொண்டிருந்த மவுஸைப் பார்த்தார். "என்னாதான் ஆச்சு?"

ஒயர் லூஸ் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு அந்த ஓட்டையில் எதையாவது செருகி வேறொருத்தர் மாட்டிக்கொள்வார்.

"நான் வெச்ச சந்தனம் சார். உள்ள எறங்கிக் காஞ்சு போயிருக்குது."

அவர் கோபிக்கவில்லை. அவள் போனை வாங்கிக் குனிந்து டார்ச்சை அடித்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு ஓட்டையிலும் அடித்தார். அது கெட்டுப்போனது, அதில் எதையும் செருகாதே என்று அவள் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அதற்குள்ளும் பழைய சந்தனம் கறுத்துப் போய்க் கிடந்தது.

"போன வருசமும் பூஜை முடிஞ்சு தொறந்த அன்னிக்குத்தான் நின்னுச்சு," என்றார் நிமிராமலே. "லாரி போவல. மேகலான்னு ஒரு பொண்ணு. பிரிண்டரக் கெடுத்துட்டான்னு அன்னிக்கே அனுப்பிட்டோம். மறுநாள் ஐ.டி. ஆளு வந்து வேற ஓட்டையில மாத்திட்டுப் போனான். என்னா ஏதுன்னு நாங்க யாருமே பாக்கல."

வேலை தப்பியது என்ற நிம்மதி ஜெயசெல்விக்கு அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. மேகலா போன இடத்துக்குத்தான் இவளை எடுத்திருக்கிறார்கள்.

"அவங்க நம்பர் இருக்குதுங்களா சார்?"

"எதுக்கு?"

"அவங்க கெடுக்கலன்னு சொல்லணும் சார்." அவர் கையில் இருந்த தன் போனைக் காட்டினாள். "நீங்க சொன்னாத்தான் சார் நம்புவாங்க."