மரக் கோபுரத்தில் கற்பூரம்

ஒரு வெற்றிலை, அதன்மேல் ஒரு துண்டுக் கற்பூரம். அத்தானை நினைத்தால் முதலில் வருவது அதுதான். அவர் என் அக்காவின் கணவர். நோர்வேயில், ஸ்ட்ரோம்மன் நகரையும் தாண்டி, வயல்கள் சூழ்ந்த ஓர் ஊரில், தண்டவாளத்தோரம் நிற்கும் மரத் தானியக் கோபுரத்தில் இருவரும் வேலை செய்தோம். அந்த ஊர் விவசாயிகளே கூடிப் பலகை அறைந்து கட்டியது. வாளிகள் கோத்த பட்டி பார்லியை உச்சிக்கு ஏற்றும். அங்கிருந்து அது அறை அறையாகக் கொட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நான்கு நாடுகள் அலைந்து வந்த எனக்கு அந்தத் தூசு தரும் தும்மலும் சொறியும் பெரிதாகத் தெரியவில்லை.

அறுவடை நெருக்கடிக்குள் ஆயுத பூசை வந்தது. அத்தான் மோட்டாருக்குச் சந்தனம் வைத்து, அதன் காலடியில் கற்பூரத்தைக் கொளுத்தினார். எங்களை மேற்பார்த்த போர்மன் அலறிக்கொண்டு ஓடிவந்து, கையிலிருந்த கோப்பியை ஊற்றிச் சப்பாத்தால் மிதித்தார். தானியத் தூசு காற்றில் நிறைந்திருந்தால் ஒரு பொறியே கோபுரத்தை வெடிக்கவைக்கும் என்று அன்றுதான் அறிந்தோம். காலையில் நன்றாகக் கூட்டியிருந்ததால் தப்பினோம்.

"சரஸ்வதிக்குக் கோப்பி அபிஷேகம்" என்றார் அத்தான். பிறகு விளக்குமாற்றை எடுத்து மோட்டாரைச் சுற்றி மறுபடியும் கூட்டினார்.

பிறகு பக்கத்து ஊரில் கொங்கிரீட் கோபுரம் எழுந்தது. லொறிகள் எங்களைக் கடந்து போயின, வேலையும் போயிற்று. நான் மீன் தொழிற்சாலை, பஸ் கழுவுதல் என்று திரிந்தேன். சென்ற வசந்தத்தில், மரக் கோபுரத்தால் தீ அபாயம், இடிக்கவேண்டும் என்றது அந்த ஊர்ச் சபை. கூட்டத்துக்கு, இப்போது நாங்கள் குடியிருக்கும் புருசெத்திலிருந்து இருவரும் போனோம்.

"கற்பூரக் கதையை எடுக்காதேங்கோ அத்தான். இடிக்கிறதுக்கு அவங்களுக்கு அதுவே போதும்."

"பொத்தடா வாயை."

அத்தான் எழுந்து, உடைந்த நோர்வேஜிய மொழியில், உள்ளே நெருப்பு வைத்தவனே தான்தான் என்றார். கூட்டிய கோபுரம் எரியவில்லை. விளக்குமாற்றைத் தந்தால் இனியும் எரியவிடமாட்டேன் என்றார். பின்வரிசையில் பழைய போர்மன் எழுந்தார். "அந்தக் கோப்பி என்னுடையது. இவர் சொல்வது உண்மை."

முடிவை ஒரு வருடம் தள்ளிவைத்து, சாவியை அத்தானிடம் கொடுத்தார்கள்.

எந்த இடத்திலும் இரண்டு வருடம் தரிக்காத நான் சனிக்கிழமைதோறும் அவரோடு போய்க் கூட்டுகிறேன். சம்பளம் இல்லை. போன கிழமை கேட்டேன்:

"வாற வருசம் இடிச்சால் இவ்வளவும் வீண்தானே?"

"இடிக்கிறவன் வரட்டும். ஊத்தைக் கட்டிடத்தை இடிச்சனான் எண்டு மட்டும் அவன் சொல்லக்கூடாது. அந்த மூலையைக் கூட்டு."