ஒரு மகளுக்கு இரண்டு சீட்டு

என் மகள் செல்விக்கு வலியே இல்லை என்று இன்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இது அநியாயம்.

நான்கு வருடமாக முதுகு வலியோடுதான் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். மலையில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குத் துணியை வீட்டிலும் அவிழ்ப்பதில்லை. இறுக்கிக் கட்டினால்தான் நிற்க முடிகிறதாம். ஆறு மாதமாகச் சரியான சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "எலும்புல ஒண்ணுமில்ல, வலிக்கக் காரணமே இல்ல. மனசுக்குப் பாருங்க" என்றார்.

மனநல டாக்டரோ, "முதல்ல வலியைக் குறைச்சிட்டு வாங்க" என்றார்.

"ஆளு ஒண்ணுதானே சார், எதுக்கு ரெண்டு ஓ.பி. சீட்டு?" என்று கேட்டேன்.

"பெரியவரே, அடுத்த ஆளுக்கு வழி விடுங்க" என்றார்.

ஊர் திரும்பும் சித்திரபுரம் பஸ்ஸில்தான் செல்வி வாய் திறந்தாள். "காலு ஒடிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்ப்பா. படத்துலயாவது தெரிஞ்சிருக்கும்."

அந்த இரண்டு டாக்டர்களும் ஒரே நாளில் ஒரே மேசையில் உட்கார்ந்து இவளைப் பார்க்க வேண்டும். எஸ்டேட் சூப்பர்வைசர் இவளைக் கொழுந்து பறிக்க மேட்டுக்காட்டுக்கு அனுப்பக் கூடாது. "வேலைவிட்டு வந்ததும் படுத்துக்கிட்டா வலிக்காம என்ன செய்யும்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்த நான் வாயை மூட வேண்டும்.

இந்த மூன்றில் எது முதலில் நடக்கும், சொல்லுங்கள் பார்க்கலாம்.