மில்லுக்காரி வீட்டுக் கண்ணாடிகள்

நூல் மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சு புரிந்துவிடும். இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது என்பதால், வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே அது பழகிப்போகும். தெருவில் எல்லோரும் மில்லுக்காரி என்று சொல்லும் அந்த அம்மாவும் அப்படிப் பழகியவர்தான். இரண்டு இயந்திரம் தள்ளி நிற்கும் சிநேகிதியிடம் வாயை மட்டும் அசைத்து மேஸ்திரியைப் பற்றி ஒரு முழுக்கதை சொல்லிவிட்டு, மேஸ்திரி திரும்புவதற்குள் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொள்வார்.

வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் காது போய்க்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது. கதவு தட்டுவது கேட்கவில்லை. குழாயை மூட மறந்தால் தண்ணீர் காலைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. கணவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. ஒரே மகன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். அவன் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனையில் இருப்பவர் என்னவென்று கேட்பார். அதனால் அவனோடு சிரமமில்லை.

காது கேட்கவில்லை என்று அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மில் சிநேகிதி ஒருத்தி அப்படிச் சொல்லிவிட்டுப் பட்ட பாட்டை அவர் கண்ணால் பார்த்திருந்தார். வீட்டில் எல்லோரும் அவளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசினார்கள். அவளைக் கேட்காமலே அவள் காரியங்களை முடிவு செய்தார்கள். "உயிரோட இருக்கேன், ஆனா ஆளா இல்ல" என்று அந்தச் சிநேகிதி சொன்னது இவர் மனதில் தைத்துவிட்டது.

பிறகு மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். பூனை போல நடப்பாள், பேசினால் எதிரே நிற்பவருக்கு மட்டும் கேட்கும். அந்த வீடோ ரயில் பெட்டி போல மூன்று அறைகள் வரிசையாக அமைந்தது. கடைசியில் சமையலறை. அடுப்பு சுவரைப் பார்த்து இருந்ததால், சமைக்கும்போது முதுகுதான் வீட்டைப் பார்த்து இருக்கும். ஒருநாள் பால் பாத்திரத்தை இறக்கும்போது மருமகள் பின்னால் வந்து தோளைத் தொட, மாமியார் துள்ளி விழுந்து, பால் முழுவதும் தரையில் ஓடியது.

மறுநாளே அவர் பழைய சாமான் கடைக்குப் போனார். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், பீரோ எல்லாம் அங்கே வந்து சேரும். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளில், ஓரம் சரிவாகச் செதுக்கிய ஒரு கனமான கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் பார்த்தார்.

"அது ரசம் போனதும்மா. முகம் சரியா தெரியாது" என்றார் கடைக்காரர்.

"என் மூஞ்சிய நான் பாத்து என்ன ஆகப் போகுது? ஆளு வர்றது தெரிஞ்சா போதும்."

அடுப்புக்கு மேலே அதை மாட்டி, மேல் விளிம்புக்குப் பின்னால் அட்டையை மடித்துச் செருகிச் சற்றே முன்னுக்குச் சாய்த்தார். இப்போது சமையலறை வாசலும் நடு அறையும் அதில் தெரிந்தன. அதன்பின் அவர் துள்ளவே இல்லை.

காதுக்காக ஆரம்பித்தது கண்ணுக்கு ருசியாகிவிட்டது. மூடிய முடிதிருத்தும் கடையிலிருந்து வந்த நீளக் கண்ணாடி முன்னறைக்குப் போனது. நடு அறையில், செதுக்கிய மரச்சட்டத்தோடு ஒரு முட்டை வடிவக் கண்ணாடி. பழைய பீரோ கதவிலிருந்து கழற்றிய ஒன்று, நடு அறையை ஒட்டித் தடுத்திருந்த மகனின் அறைக் கதவுக்கு எதிரே. எண்ணெய்த் துணியால் சட்டங்களைத் தேய்த்துத் தேய்த்து மரத்தின் வரிகளை வெளியே கொண்டுவந்தார். இருட்டாகக் கிடந்த வீட்டில் சாயங்கால வெளிச்சம் சுவருக்குச் சுவர் தாவியது. எங்கே எதை மாட்டினால் அழகு என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

"கல்யாணப் பொண்ணு அவளா, நீயாம்மா?" என்று மகன் சிரித்துக்கொண்டே சுவரில் ஓட்டை போட்டுக் கொடுத்தான்.

மருமகள் சிரிக்கவில்லை. தலை வாரும்போது, துணி மடிக்கும்போது, போனைப் பார்க்கும்போது, எங்கேயோ ஒரு கண்ணாடியில் மாமியாரின் கண் அவள்மேல் இருந்தது. அதே மாமியார், பின்னாலிருந்து கேட்டால் பதில் சொல்வதில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம் மாமியார் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நடு அறையில் மருமகள் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். முதுகுதான் சமையலறைப் பக்கம் இருந்தது. ஆனால் அவள் முகம் முட்டைக் கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தது. ஒட்டுக் கேட்கும் எண்ணமெல்லாம் மாமியாருக்கு இல்லை. மில்லில் பழகிய கண், உதடு அசைந்ததும் தானாகப் படித்துவிட்டது.

"செவிடன் காதுல ஊதின சங்குதான்மா. உன்னப் பாக்க வரணும்னு ரெண்டு தடவ கேட்டேன், திரும்பிக்கூட பாக்கல. என்னைப் பிடிக்கல போல. இதுல வீடு பூரா கண்ணாடி. நான் என்ன திருடியா?"

செவிடன் என்ற சொல்லைப் பார்த்ததும் மாமியாருக்குப் பகீரென்றது. கண்டுபிடித்துவிட்டாளோ? பிறகுதான் அது வெறும் பழமொழி என்று புரிந்தது. புரிந்ததும் இன்னும் வலித்தது. இந்தப் பெண் எப்போது கேட்டாள்? கொல்லைக் குழாயடியில் பாத்திரம் தேய்க்கும்போது கேட்டிருப்பாள். அங்கே கண்ணாடி இல்லை.

கத்தியை வைத்துவிட்டு எழுந்து போனார். மருமகள் அவசரமாகப் போனை வைத்தாள்.

"அம்மாவப் பாக்கப் போகணும்னு எப்ப கேட்ட?"

மருமகளின் முகம் வெளிறியது. "அத்தை... அவ்வளவு தூரத்துக்கு நான் பேசினது கேட்டுச்சா?"

"கேக்கல. பக்கத்துல வந்து பேசினாலும் கேக்காது. கண்ணாடியில உன் வாயைப் பாத்தேன். நீ சங்கு ஊதினது சரிதான், காதுதான் இங்க இல்ல."

மருமகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னவோ சொன்னாள்.

"கையை எடுடி. வாயை மூடினா எனக்கு ஒண்ணும் தெரியாது."

மருமகள் கையை எடுத்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மாமியார் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் அத்தை சொல்லல?"

"சொன்னா, என்னை உக்கார வச்சுக்கிட்டே என்னைப் பத்திப் பேசுவீங்க."

"அதத்தானே இப்பவும் பண்ணேன்" என்றாள் மருமகள் தலையைக் குனிந்து.

"குனியாம சொல்லு."

அந்த வாரமே மருமகள் தாய் வீட்டுக்குப் போய் வந்தாள். வந்ததும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்: "எங்க ரூம் கதவுக்கு எதிர்ல இருக்கே, அந்தக் கண்ணாடி மட்டும் வேண்டாமே அத்தை." மாமியாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆள் வருவது தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் அவர் யோசித்திருக்கவில்லை. இருவருமாகவே அதைக் கழற்றிக் கொல்லைக் குழாயடிக்கு மாற்றினார்கள்.

விஷயம் தெரிந்தபோது மகன், "எங்கிட்டக்கூடவா?" என்று மட்டும் கேட்டான், வாழ்க்கையிலேயே முதல்முறையாக மெதுவாக. மறுநாள் வேனுக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போய் ஒரு கருவி வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்டால் பாத்திரம் உருள்வதுகூட மில் ஓடுவது போல இரைகிறது என்று அவருக்குக் குறை. வெளியே போகும்போது மட்டும் போட்டுக்கொள்வார். வீட்டில் கண்ணாடிகளே போதும் என்றார்.

இப்போது பழைய சாமான் கடைக்கு இருவரும் சேர்ந்தே போகிறார்கள். ரசம் போனது வேண்டாம் என்பாள் மருமகள், மூலையில் கறுப்புப் புள்ளி இருந்தால்தான் அழகு என்பார் மாமியார். வாக்குவாதம் அங்கே ஆரம்பித்து வீடு வரை வரும். தோற்கிற மாதிரி இருந்தால் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிய பக்கமும் ஒரு கண்ணாடி இருக்கும். அதில் மருமகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டிருப்பாள்.